டாக்டர் சீட்டு இல்லாமல் கிடைக்கும் நியாசினை வைத்துக் கொலஸ்டிராலைக் குறைக்கலாமா?

ஓரமாய்_ஒருவன்

வணக்கம் நண்பர்களே. போன வாரம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் மொத்தக் கொலஸ்டிரால் 249, எல்.டி.எல். (கெட்ட கொலஸ்டிரால்) 171, எச்.டி.எல். (நல்ல கொலஸ்டிரால்) 36, டிரைகிளிசரைடு (இன்னொரு வகை ரத்தக் கொழுப்பு) 210 என்று வந்திருக்கிறது. வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் மட்டும் எல்லைக்கோட்டில் நிற்கிறது. டாக்டர் கொலஸ்டிராலைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார். சீட்டு சட்டைப்பையிலேயே இருக்கிறது, இன்னும் வாங்கவில்லை. தசைவலி வரும், மறதி வரும், ஆரம்பித்தால் விடவே முடியாது என்று படித்ததெல்லாம் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

இதற்கிடையில் நியாசின் என்று ஒன்று கண்ணில் பட்டது. பி3 வைட்டமின்தானாம். எல்.டி.எல்.லைக் குறைக்கும், எச்.டி.எல்.லை ஏற்றும், டிரைகிளிசரைடையும் இறக்கும் என்கிறார்கள். என் ரிப்போர்ட்டில் கோளாறாக இருக்கிற மூன்றையும் ஒரே மாத்திரை சரி செய்யும் என்றால், அதுவும் சீட்டு இல்லாமல் கிடைக்கிற வைட்டமின் என்றால், ஸ்டாடினுக்கு முன்னால் இதை ஒரு மூன்று மாதம் பார்த்தால் என்ன? யாராவது எடுத்திருக்கிறீர்களா?

செங்காந்தள்

நான் எடுத்திருக்கிறேன், பல வருடங்களுக்கு முன்பு, டாக்டர் சொல்லித்தான். முதலில் அந்த ஃபிளஷ், அதாவது உடம்பு சிவந்து எரிவது பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாட்டிலில் அதை ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். மாத்திரை போட்டு இருபது நிமிடம் இருக்கும், காதுமடல் சூடானது. அப்புறம் முகம், கழுத்து, நெஞ்சு, முன்னங்கை என்று வரிசையாகச் சிவந்துகொண்டே இறங்கியது. சட்டைக் காலர் உரசுகிற இடமெல்லாம் எரிச்சல், தலையில் முடிக்கு அடியில் அரிப்பு. விவரம் தெரியாதவர்கள் ஒவ்வாமை வந்துவிட்டது என்று ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பார்கள். முக்கால் மணி, ஒரு மணி நேரத்தில் தானாக அடங்கியது.

சாப்பாட்டோடு போட்டால் குறையும். சூடான பானமும் மதுவும் சேர்ந்தால் அதிகமாகும். தொடர்ந்து போட்டால் சில வாரங்களில் உடம்பு பழகிவிடும், ஆனால் நடுவில் சில நாள் விட்டுவிட்டு மறுபடி ஆரம்பித்தால் முதல் நாள் மாதிரியே திரும்ப வரும். அரை மணி முன்னால் ஆஸ்பிரின் போடச் சொன்னார்கள், அது உண்மையிலேயே உதவியது.

எண்கள் நன்றாகவே மாறின, அதை மறைக்க மாட்டேன். டிரைகிளிசரைடு நன்றாக இறங்கியது, எச்.டி.எல். ஏறியது. ஆனால் 2014-க்குப் பிறகு அதே டாக்டர் கூப்பிட்டு "இதை நிறுத்திவிடலாம்" என்றார். ஏன் என்று இங்கே விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள்.

பழையகணக்கு

நிறுத்தச் சொன்ன டாக்டருக்கு வேறு வேலை இல்லை. நியாசின் நேற்று முளைத்த சமாச்சாரமா? 1955-லேயே கனடாவில் ஆல்ட்சுல், ஹாஃபர், ஸ்டீஃபன் மூவரும் நிகோடினிக் அமிலம், அதாவது நியாசின், கொலஸ்டிராலைக் குறைக்கிறது என்று எழுதிவிட்டார்கள். முதல் ஸ்டாடின் கடைக்கு வந்தது 1987-ல். நடுவில் முப்பது வருடம் டாக்டர்கள் கொடுத்துக்கொண்டிருந்தது எதை? கொரோனரி டிரக் பிராஜெக்ட் என்று ஒரு பெரிய ஆய்வு, 1966 முதல் 1975 வரை நடந்தது, ஏற்கெனவே மாரடைப்பு வந்த ஆண்களுக்குத் தினமும் 3 கிராம் நியாசின் கொடுத்தார்கள். மறுபடி வரும் மாரடைப்பு குறைந்தது. ஆய்வு முடிந்து வருடங்கள் கழித்துக் கணக்கெடுத்தபோது நியாசின் எடுத்தவர்களில் இறப்பு 11 சதவீதம் குறைவாக இருந்தது, 1986-ல் வெளிவந்தது. ஸ்டாடின் பிறப்பதற்கு முன்பே இதய மரணத்தைக் குறைத்த மருந்து இது. காப்புரிமை இல்லை, லாபம் இல்லை, அதனால்தான் ஓரங்கட்டிவிட்டார்கள்.

தம்பி ஓரமாய், தைரியமாக ஆரம்பியுங்கள். 500-ல் தொடங்கி மெதுவாக ஏற்றுங்கள்.

மருந்துமேசை

ஒரு நிமிடம். 500-ல் தொடங்குங்கள் என்று சொல்வதற்கு முன்னால் எதை 500 என்று கேட்க வேண்டாமா? நான் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவன். இந்தக் குழப்பத்தோடு வருகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

பி3 என்று எழுதியிருக்கிற பாட்டிலுக்குள் வெவ்வேறு பொருள்கள் இருக்கலாம். கொலஸ்டிராலைத் தொடுவது நிகோடினிக் அமிலம் மட்டும்தான். நிகோடினமைடு என்று போட்டிருந்தால் அதுவும் பி3-தான், வைட்டமின் குறையைத் தீர்க்கும், ஆனால் எல்.டி.எல்.லை அசைக்காது. அப்புறம் 'ஃபிளஷ் வராத நியாசின்' என்று பெரிய எழுத்தில் விற்பது, பெரும்பாலும் இனோசிடால் ஹெக்சாநிகோடினேட். உடம்புக்குள் போய் நிகோடினிக் அமிலத்தைப் பிரித்துவிடும் என்பது கணக்கு, நடைமுறையில் ரத்தத்தில் அது ஏறுவதே இல்லை என்று சொல்லுமளவுக்குத்தான் பிரிகிறது. 2003-ல் கடைகளில் கிடைக்கும் நியாசின்களை வாங்கிச் சோதித்துப் பார்த்தார்கள். ஃபிளஷ் வராத வகைகளில் தனி நிகோடினிக் அமிலமே இல்லை. முகம் சிவக்காது என்பது உண்மைதான், கொலஸ்டிராலும் குறையாது, அவ்வளவுதான்.

இதில் பெரிய ஆபத்து இல்லை, காசுதான் போகும். ஆபத்து இருப்பது இன்னொரு வகையில். மெதுவாகக் கரையும் நியாசின், 'ஸ்லோ ரிலீஸ்', 'சஸ்டெயின்டு ரிலீஸ்', 'டைம்டு ரிலீஸ்' என்று என்னென்னவோ பெயரில் வரும். ஃபிளஷ் குறைவாக இருப்பதால் ஜனங்கள் தேடிப்போய் வாங்குவது இதைத்தான். கல்லீரலைப் பதம் பார்ப்பதும் இதுதான். சாப்பாடு வேகிறது, இரவு வந்து விவரமாக எழுதுகிறேன்.

கார்மேகம்

நான் மெதுவாகக் கரையும் வகைதான் எடுக்கிறேன், எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. முதலில் சாதா நியாசின் போட்டேன், செங்காந்தள் சொன்ன அதே எரிச்சல், அலுவலகத்தில் எல்லாரும் காய்ச்சலா என்று கேட்க ஆரம்பித்தார்கள். அதனால் அதே அளவில் ஸ்லோ ரிலீசுக்கு மாறிவிட்டேன், 2000 மி.கி. எல்.டி.எல். 160-க்கு மேல் இருந்தது, போன மாதம் 58. ஐம்பத்தெட்டு! ஸ்டாடின் எடுக்கிற என் மைத்துனருக்கே 90-க்குக் கீழே வரவில்லை. கொஞ்சம் பசி மந்தமாக இருக்கிறது, சாயங்காலம் ஆனால் அசதி, வேறு ஒன்றுமில்லை. எடையும் குறைந்திருக்கிறது, அதுவும் நல்லதுதானே.

பழையகணக்கு

பார்த்தீர்களா? ஆதாரம் இதோ நேரில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

ஆய்வகவாசி

கார்மேகம், இந்தப் பதிவைப் படித்ததும் மற்ற வேலையை விட்டுவிட்டு எழுதுகிறேன். மாத்திரையை நிறுத்திவிட்டு நாளைக் காலையே டாக்டரைப் பாருங்கள், கல்லீரல் பரிசோதனை எடுங்கள்: எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி., பிலிருபின், கூடவே ரத்தம் உறையும் நேரம். கண் மஞ்சளாகவோ சிறுநீர் அடர் நிறமாகவோ இருந்தால், வாந்தியோ குழப்பமோ இருந்தால் நாளை வரை காத்திருக்க வேண்டாம், இன்றே போங்கள்.

நியாசின் எல்.டி.எல்.லைக் குறைப்பது சாதாரணமாக 5 முதல் 25 சதவீதம். 160 இருந்தால் 120-க்கும் 150-க்கும் நடுவில் வர வேண்டும். 58 வந்திருக்கிறது என்றால் மருந்து பிரமாதமாக வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட முடியாது. கொலஸ்டிராலையும் அதைச் சுமக்கிற புரதங்களையும் செய்கிற இடமே கல்லீரல்தான். அது அடிபட்டால் உற்பத்தி படுத்துவிடும், ரிப்போர்ட்டில் எல்.டி.எல். மடமடவென்று விழும். நியாசின் எடுப்பவருக்கு எல்.டி.எல். திடீரென்று எதிர்பாராத அளவுக்கு விழுந்தால் கல்லீரல் பாதிப்பின் முன்னறிகுறியாக இருக்கலாம் என்று மருத்துவ இலக்கியத்திலேயே இருக்கிறது. அதோடு பசி மந்தம், அசதி, எடைக் குறைவு. எல்லாம் ஒரே பக்கம் கை காட்டுகின்றன.

சாதா வகையிலிருந்து ஸ்லோ ரிலீசுக்கு அதே மில்லிகிராமில் மாறினீர்கள் பாருங்கள், அது செய்யவே கூடாதது. இரண்டும் அளவுக்கு அளவு சமம் கிடையாது.

கார்மேகம்

பயமுறுத்தாதீர்கள் சார். சரி, நாளைக்கு எடுத்துப் பார்க்கிறேன். கொலஸ்டிரால் ரிப்போர்ட்டில் கல்லீரல் எதுவும் வரவில்லையே, கெட்டதாக இருந்தால் சொல்லியிருக்க மாட்டார்களா?

ஆய்வகவாசி

லிப்பிட் புரொஃபைல், அதாவது ரத்தக் கொழுப்புச் சோதனை மட்டும் கேட்டால் லிப்பிட் மட்டும்தான் பார்ப்போம். கேட்காத சோதனையின் முடிவு காகிதத்தில் வராது. சீட்டு எழுதி நியாசின் கொடுத்த காலத்தில் ஆரம்பிக்கும் முன் ஒரு முறை, பிறகு குறிப்பிட்ட இடைவெளியில் கல்லீரல் நொதி, சர்க்கரை, யூரிக் அமிலம் எல்லாம் பார்ப்பார்கள். பாட்டிலை நீங்களே எடுத்துக்கொண்டு வரும்போது அந்தச் சோதனைகளை எழுதிக்கொடுக்க ஆள் இல்லை.

மருந்துமேசை

கார்மேகம் விஷயத்தில் ஆய்வகவாசி சொன்னதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை, போய்ப் பாருங்கள். ஏன் இப்படி ஆகிறது என்பதை மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

நிகோடினிக் அமிலத்தைக் கல்லீரல் இரண்டு வழியில் கழிக்கிறது. ஒன்று சின்ன வாய்க்கால், முதலில் தண்ணீர் பாய்வது இதில்தான், ஆனால் கொள்ளளவு குறைவு. இந்த வழியில் நிகோடினமைடும் அதன் தொடர்ச்சியான பொருள்களும் உண்டாகின்றன, கல்லீரல் நஞ்சோடு சம்பந்தப்பட்டது இந்தப் பக்கம். இன்னொன்று பெரிய வாய்க்கால், கிளைசின் என்ற அமினோ அமிலத்தோடு சேர்த்து வெளியேற்றுவது, ஃபிளஷ்ஷோடு சம்பந்தப்பட்டது இது. சாதா நியாசின் ஒரேயடியாக வந்து இறங்கும்போது சின்னது நிரம்பி, மிச்சமெல்லாம் பெரியதில் வழிந்துவிடும். முகம் சிவக்கும், கல்லீரல் ஓரளவு தப்பிக்கும். மெதுவாகச் சொட்டுச் சொட்டாகக் கரைகிற மாத்திரையில் நாள் முழுக்க எல்லாமே சின்னதிலேயே ஓடிக்கொண்டிருக்கும். எதைத் தவிர்க்க ஸ்லோ ரிலீஸ் வாங்குகிறோமோ அது குறைகிறது, எதைக் கவனிக்கவே இல்லையோ அது கூடுகிறது.

1994-ல் இரண்டு வகையையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. 46 பேர், ஆளுக்குப் பாதி. மெதுவாகக் கரையும் வகை எடுத்த 23 பேரில் 12 பேருக்குக் கல்லீரல் பாதிப்பு தெரிந்தது. சாதா வகையில் ஒருவருக்கும் இல்லை. ஆனால் சாதா வகையிலும் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் ஃபிளஷ், மற்றத் தொந்தரவு தாங்காமல் நடுவில் விட்டுவிட்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சீட்டு எழுதி வாங்கும் எக்ஸ்டெண்டட் ரிலீஸ், உதாரணமாக நியாஸ்பான், இரண்டுக்கும் நடுவில் கரையும்படி செய்தது. கடையில் தானாக எடுக்கிற ஸ்லோ ரிலீஸ் அதற்கு மாற்று இல்லை, பெயர் எவ்வளவு ஒத்துப்போனாலும் சரி.

இன்னொன்று, "வைட்டமின்தானே" என்று பலபேர் சொல்வது. ஒரு ஆணுக்கு ஒரு நாளைக்குத் தேவையான நியாசின் 16 மில்லிகிராம், பெண்ணுக்கு 14. கொலஸ்டிராலுக்காக எடுப்பது 1000 முதல் 3000 வரை. தேவையைப்போல் அறுபது மடங்கு, நூறு மடங்கு, அதற்கும் மேல். அந்த அளவில் அது மருந்துதான், மருந்தாகத்தான் நடந்துகொள்ளும்.

பழையகணக்கு

சாதா நியாசினில் கல்லீரல் பாதிப்பு ஒருவருக்கும் இல்லை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அப்புறம் என்ன? சாதாவை எடுக்கச் சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே.

தரவுப்பித்தன்

ஒரு சின்ன ஆய்வில் ஒருவருக்கும் இல்லை என்றால் உலகத்தில் யாருக்குமே வராது என்று ஆகிவிடாது. சாதா வகையிலும் வரும், குறைவாக வரும். கல்லீரலைத் தாண்டியும் இருக்கிறது: சர்க்கரை ஏறும், யூரிக் அமிலம் ஏறி கவுட் என்ற மூட்டு நோய் உள்ளவர்களுக்குக் கால் பெருவிரல் வீங்கும், வயிற்றுப்புண் கிளம்பும், அபூர்வமாக விழித்திரையின் நடுப்பகுதியில் நீர் கோத்துப் பார்வை மங்கும், மாத்திரையை நிறுத்தினால் சரியாகும்.

ஆனால் என் முக்கியமான ஆட்சேபம் பக்கவிளைவு பற்றியது இல்லை. பழையகணக்கு அண்ணா, நீங்கள் சொன்ன கொரோனரி டிரக் பிராஜெக்ட் உண்மை, மறுக்கவில்லை. ஆனால் பாதியைத்தான் சொன்னீர்கள். ஆய்வு முடிந்த 1975-ல் இறப்பில் வித்தியாசமே இல்லை, உயிரைக் குடிக்காத மாரடைப்புதான் குறைந்தது. அந்த 11 சதவீதம் பின்னால், பெரும்பாலானவர்கள் மாத்திரையை விட்டு வருடங்கள் ஆன பிறகு எடுத்த கணக்கு. அதுவும் ஸ்டாடின் இல்லாத காலம், ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்கள், ஆண்கள் மட்டும். அந்த நாளில் எனக்கு மாரடைப்பு வந்திருந்தால் நானும் நியாசினைத்தான் எடுத்திருப்பேன்.

அப்புறம் நடந்ததைப் பாருங்கள். எய்ம்-ஹை என்று ஒரு ஆய்வு, 3414 இதய நோயாளிகள், எல்லாருக்கும் ஸ்டாடின், பாதிப்பேருக்குக் கூடவே 1500 முதல் 2000 மி.கி. நியாசின். எச்.டி.எல். 35-லிருந்து 42-க்கு ஏறியது, டிரைகிளிசரைடு இறங்கியது, காகிதத்தில் எல்லாம் அழகு. மாரடைப்பு, பக்கவாதம், இறப்பு குறைந்ததா? இல்லை. பயன் தெரியவில்லை என்று 2011-ல் முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள்.

சரி, அது சின்னது என்றார்கள். அடுத்தது எச்.பி.எஸ்.2-திரைவ், 25,673 பேர், ஏறத்தாழ நான்கு வருடம், தினமும் 2 கிராம் நியாசின், ஃபிளஷ்ஷை அடக்க லாரோபிப்ரான்ட் என்ற மருந்தும் சேர்த்து. 2014-ல் முழு முடிவு வந்தது. இதயத்துக்குப் பயன் இல்லை. புதிதாகச் சர்க்கரை நோய் வந்தவர்கள் மூன்றில் ஒரு பங்கு அதிகம், ஏற்கெனவே சர்க்கரை உள்ளவர்களுக்குக் கட்டுப்பாடு கெட்டது. இதோடு வயிறு, தசை, தோல் தொந்தரவுகள், எதிர்பார்க்காத விதமாகத் தொற்றும் ரத்தக்கசிவும்கூட அதிகம். செங்காந்தளின் டாக்டர் நிறுத்தச் சொன்னது இதைப் பார்த்துத்தான் இருக்கும். 2016-ல் ஸ்டாடினோடு சேர்த்து நியாசின் கொடுப்பதற்கான அனுமதியை அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. திரும்பப் பெற்றது.

லாபம் இல்லாததால் ஓரங்கட்டினார்கள் என்றீர்களே, திரைவ் ஆய்வுக்குப் பணம் கொடுத்தது மெர்க் கம்பெனி. எதற்கு? அந்த நியாசின்-லாரோபிப்ரான்ட் மாத்திரையை உலகம் முழுக்க விற்பதற்கு. ஜெயிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவர்களே போட்ட பணம். தோற்றது, 2013-ல் சந்தையிலிருந்து அந்த மாத்திரையைத் திரும்பப் பெற்றார்கள். சதி என்றால் இது என்ன மாதிரி சதி?

பழையகணக்கு

நீங்கள் சொல்கிற இரண்டு ஆய்விலும் எல்லாரும் ஏற்கெனவே ஸ்டாடினில் இருந்தவர்கள், எல்.டி.எல். தரையில் கிடந்தது. ஏற்கெனவே நனைந்தவன் மேல் தண்ணீர் ஊற்றி நனைக்க முடியவில்லை என்று எழுதுகிறீர்கள். அது போக எய்ம்-ஹையில் யாருக்கு எது என்று தெரியாமலிருக்க ஃபிளஷ் வரவேண்டும் என்று, ஒப்பிடக் கொடுத்த வெற்று மாத்திரையிலும் கொஞ்சம் நியாசின் கலந்திருந்தார்கள். திரைவில் லாரோபிப்ரான்ட் என்ன செய்தது என்று யாருக்குத் தெரியும்? ஸ்டாடின் எடுக்காத ஒருவர் தனியாக நியாசின் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்த ஆய்வுகளில் பதில் இல்லை. இந்தத் தம்பி ஸ்டாடின் எடுக்கவில்லை.

தரவுப்பித்தன்

இது நியாயமான கேள்வி, ஒத்துக்கொள்கிறேன். தனி நியாசினுக்கு இருக்கும் பெரிய ஆதாரம் அந்தப் பழைய ஆய்வு ஒன்றுதான். ஆனால் கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்: எல்.டி.எல். 171 இருக்கிறவருக்கு முன்னால் இரண்டு மருந்து இருக்கிறது. ஒன்று ஸ்டாடின், 1994-லிருந்து ஆய்வுக்கு மேல் ஆய்வாக மாரடைப்பையும் இறப்பையும் குறைத்துக் காட்டியது, முழு அளவில் கொடுத்தால் எல்.டி.எல்.லைப் பாதிக்கு மேல் குறைக்கும். இன்னொன்று கால்வாசி குறைத்தாலே பெரிது, ஆதாரம் ஐம்பது வருடப் பழசு, சர்க்கரை ஏறும். சீட்டு இல்லாமல் கிடைக்கிறது என்பதைத் தவிர இரண்டாவதுக்கு என்ன சிறப்பு?

எச்.டி.எல். ஏறுவது நல்லதுதானே என்று ஓரமாய் கேட்கலாம். எச்.டி.எல். குறைவாக உள்ளவர்களுக்கு மாரடைப்பு அதிகம் என்பது சரி. அதனால் மருந்து கொடுத்து எச்.டி.எல்.லை ஏற்றினால் மாரடைப்பு குறையும் என்று உலகமே நம்பியது. டார்செட்ராபிப் என்ற மருந்து எச்.டி.எல்.லைப் பிரமாதமாக ஏற்றியது, கூடவே இறப்பையும் ஏற்றியது, 2006-ல் மூட்டை கட்டினார்கள். எச்.டி.எல். எண் ஒரு அடையாளம், அதைத் தள்ளிவிட்டால் நோய் தள்ளிப்போவதில்லை.

இரவல்பேனா

குறுக்கே ஒரு விஷயம். 2024-ல் நேச்சர் மெடிசின் இதழில் கிளீவ்லேண்ட் கிளினிக்காரர்கள் எழுதியது. உடம்பில் நியாசின் மிஞ்சினால் 4பிஒய், 2பிஒய் என்று இரண்டு கழிவுப்பொருள் உண்டாகும், அவை ரத்தத்தில் அதிகமாக இருப்பவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் அதிகம் வந்திருக்கிறது, எலிகளில் 4பிஒய் ரத்தக்குழாய்ச் சுவரில் அழற்சியைத் தூண்டியது. நியாசின் எல்.டி.எல்.லைக் குறைத்தும் மாரடைப்பு ஏன் குறையவில்லை என்பதற்கு இது ஒரு விடையாக இருக்கலாம். மனிதர்களில் இது காரணம் என்று நிரூபிக்கவில்லை, தொடர்பு மட்டும்தான் தெரிந்திருக்கிறது, அதனால் யாரும் இதை வைத்துத் தலைப்புச் செய்தி போட வேண்டாம்.

ஓரமாய்_ஒருவன்

நான் கேட்டது ஒரு வரிக் கேள்வி, இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. எல்லாருக்கும் நன்றி. நியாசின் மேல் இருந்த ஆசை பாதி போய்விட்டது. ஆனால் ஸ்டாடின் பயம் அப்படியே இருக்கிறது. என் நண்பர் ஒருவர் எடுத்து இரண்டே வாரத்தில் தொடை வலிக்கிறது என்று விட்டுவிட்டார். சிவப்பு ஈஸ்ட் அரிசி என்று ஒன்று இருக்கிறதாமே, அது இயற்கைதானே?

மருந்துமேசை

அதில் வேலை செய்வது மொனாகோலின் கே. அதற்கு இன்னொரு பெயர் லோவாஸ்டாடின். பழையகணக்கு மேலே பெயர் சொல்லாமல் விட்ட அந்த 1987 மருந்து அதுதான். ஸ்டாடினுக்குப் பயந்து ஓடிப் போய், அளவு தெரியாத ஸ்டாடினை வாங்குவீர்கள். பாட்டிலுக்குப் பாட்டில் அளவு மாறும்.

தரவுப்பித்தன்

தசைவலி பற்றி: சாம்சன் என்று ஒரு ஆய்வு, 2020. ஸ்டாடின் ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திய 60 பேரைக் கூப்பிட்டு, சில மாதம் ஸ்டாடின், சில மாதம் வெற்று மாத்திரை, சில மாதம் எதுவுமே இல்லை என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள், எந்த மாதம் எது என்று அவர்களுக்குத் தெரியாது, மாத்திரை இல்லாத மாதம் மட்டும் தெரியும். ஸ்டாடின் மாதத்தில் வந்த தொந்தரவில் 90 சதவீதம் வெற்று மாத்திரை மாதத்திலும் வந்தது. வலி பொய் என்று அர்த்தமில்லை, வலி நிஜம், பெரும்பாலும் மாத்திரை எடுக்கிறோம் என்ற எதிர்பார்ப்பில் வருகிறது. மீதமுள்ள பங்கு மருந்தாலேயே வருவது, அதுவும் உண்டு. அந்த 60 பேரில் பாதிப்பேர் இதைக் கேட்டபின் மறுபடி ஸ்டாடினுக்குத் திரும்பினார்கள்.

உண்மையாகவே ஒத்துக்கொள்ளாவிட்டால் டாக்டரிடம் வேறு ஸ்டாடின், குறைந்த அளவு கேட்கலாம். எசெட்டிமைப் இருக்கிறது, குடலில் கொலஸ்டிரால் உறிஞ்சப்படுவதைத் தடுப்பது. பெம்பெடோயிக் அமிலம் இருக்கிறது, ஸ்டாடின் எடுக்க முடியாத அல்லது எடுக்க விரும்பாதவர்களிடமே சோதித்துப் பார்த்து 2023-ல் இதய நிகழ்வுகள் 13 சதவீதம் குறைந்ததாக முடிவு வந்தது. அதுவும் யூரிக் அமிலத்தை ஏற்றும், கவுட் இருந்தால் சொல்லிவிட வேண்டும். இதெல்லாம் இருக்கும்போது நியாசின் வரிசையில் எங்கேயோ கடைசியில்தான் நிற்கிறது.

செங்காந்தள்

ஓரமாய், டாக்டரிடம் போகும்போது தைராய்டு பார்த்தார்களா என்றும் கேளுங்கள். தைராய்டு சுரப்பு குறைந்தாலே எல்.டி.எல். ஏறும். என் அக்காவுக்கு அதைச் சரி செய்ததும் கொலஸ்டிரால் தானாக இறங்கியது. 210 டிரைகிளிசரைடுக்கு இனிப்பு, மது, எடை மூன்றையும் கவனித்தால் மாத்திரை இல்லாமலே நன்றாகக் குறைய வாய்ப்பு உண்டு.

ஆய்வகவாசி

கூடவே ஒன்று. உங்கள் எல்.டி.எல். 171 என்பது நேரடியாக அளந்ததாக இருக்காது. மொத்தத்தில் எச்.டி.எல்.லையும் டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துப் பாருங்கள்: 249-இலிருந்து 36, அப்புறம் 42. சரியாக 171 வருகிறது. டிரைகிளிசரைடு அதிகமாக இருக்கும்போது இந்தக் கணக்கு கொஞ்சம் சறுக்கும், வெறும் வயிற்றில் எடுக்காவிட்டால் இன்னும் சறுக்கும். அதனால் எச்.டி.எல். அல்லாத கொலஸ்டிரால் எவ்வளவு என்றும் பாருங்கள், உங்களுக்கு 213. அதற்கு எந்த யூகமும் தேவையில்லை. அதுவும் அதிகம்தான், எண் தப்பாக வந்திருக்கும் என்று சமாதானம் தேட வேண்டாம்.

கார்மேகம்

ரிப்போர்ட் வந்துவிட்டது. எஸ்.ஜி.பி.டி. 412. நாற்பதுக்குள் இருக்க வேண்டுமாம். பிலிருபின் கொஞ்சம் அதிகம், ரத்தம் உறையும் நேரம் சரியாக இருக்கிறது. டாக்டர் முதலில் மஞ்சள் காமாலைக் கிருமியைத்தான் சந்தேகப்பட்டார், அந்தச் சோதனையும் எடுத்தார், இல்லை என்று வந்தது. பாட்டிலைக் காட்டினேன், பின்னால் இருந்த எழுத்தைப் படித்துவிட்டு "இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை" என்றார். என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்டபோது இதை மருந்துக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை, சத்துமாத்திரை என்றுதானே வாங்கியது. நிறுத்தியாயிற்று. வாரம் ஒரு முறை ரத்தம் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்.

ஆய்வகவாசி

நல்ல வேளை, போனீர்கள். உறையும் நேரம் சரியாக இருப்பது பெரிய ஆறுதல். மது, பாரசிட்டமால் இரண்டும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். எண் இறங்க சில வாரம் ஆகும்.

பழையகணக்கு

கார்மேகம், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் சாதா நியாசினைத்தான் சொன்னேன், ஸ்லோ ரிலீசை ஒருபோதும் சொன்னதில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். லிப்போபுரோட்டீன்-ஏ (எல்.டி.எல். போன்ற இன்னொரு கொழுப்புத் துகள்) அதிகமாக உள்ளவர்களுக்கு அதைக் குறைக்கிற மருந்துகளில் நியாசினும் ஒன்று, ஸ்டாடின் அதை இறக்காது. அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

தரவுப்பித்தன்

குறைக்கிறது, கால்வாசி அளவுக்கு. அப்படிக் குறைத்ததால் மாரடைப்பு குறைந்தது என்று நியாசின் ஆய்வு எதுவும் காட்டவில்லை. லிப்போபுரோட்டீன்-ஏ-வுக்கென்றே தனி மருந்துகளைச் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள், அதற்குத் தனி இழை தொடங்குங்கள் அண்ணா, அங்கே வந்து சண்டை போடுகிறேன்.

ஓரமாய்_ஒருவன்

இன்று டாக்டரைப் பார்த்தேன். தைராய்டு, சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி, கல்லீரல் எல்லாம் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஸ்டாடின் பயத்தைச் சொன்னேன், கோபித்துக்கொள்ளவில்லை. குறைந்த அளவில் ஆரம்பித்து ஆறு வாரம் கழித்து லிப்பிட் பார்க்கலாம், வலித்தால் நிறுத்தாமல் முதலில் போன் செய்யுங்கள் என்றார். நியாசின் பற்றிக் கேட்டேன். "யார் சொன்னது?" என்று மட்டும் கேட்டார்.

சட்டைப்பையில் இருந்த சீட்டை மாற்றி எழுதிக் கொடுத்தார், வாங்கிவிட்டேன். கார்மேகம், அடுத்த ரிப்போர்ட் வந்ததும் இங்கே போடுங்கள்.

கார்மேகம்

எஸ்.ஜி.பி.டி. 190. பசி திரும்பிவிட்டது. எல்.டி.எல். 131, ஏறிக்கொண்டிருக்கிறது, ஏறட்டும், கல்லீரல் முழுக்கச் சரியான பிறகு என்ன எடுப்பது என்று பார்க்கலாம் என்கிறார் டாக்டர். பாட்டிலில் இன்னும் பாதி மிச்சம் இருக்கிறது, யாருக்கும் கொடுக்கப்போவதில்லை.